மூன்றாம் குடுவை

நாள் 1. காலை 06:10. நிலவு ஆய்வுக்கூடம்.
இதை எடுத்துப் படிக்கிறவருக்கு: நான் செண்பகவல்லி. வயது ஐம்பத்திரண்டு, தொழில் ரத்த அணு ஆராய்ச்சி, சொத்து முழங்கால் வலி. இங்கே என்னைத் தவிர இருப்பது பொறியாளர் இன்னாசிமுத்து மட்டும். சூரியப் புயலில் வெளியே மாட்டிக்கொண்டதில் அவர் எலும்பு மஜ்ஜை பொசுங்கிவிட்டது. கண்ணாடி அறைக்குள் படுத்திருக்கிறார். அவரிடம் மிஞ்சிய ரத்தக் குருத்தணுக்களைச் சீந்தில் கொடிச் சத்தில் வளர்க்கிறேன். ஐந்து குடுவை அவருடையது. ஒப்பிட்டுப் பார்க்க ஆறாவதில் என்னுடையது. கப்பல் வர நாற்பது நாள். அணுக்கள் பெருகாவிட்டால் இன்னாசி இருபதாம் நாளைத் தாண்டமாட்டார்.

நாள் 6. 11:30.
மூன்றாம் குடுவையில் அணுக்கள் எட்டு மடங்கு. மற்றவை சோம்பிக் கிடக்கின்றன. நான் கரைத்த இட்லி மாவே ஒழுங்காகப் பொங்கியதில்லை, இது எப்படி? யாரோ கை வைக்கிறார்கள். ஒலிபெருக்கியில் இன்னாசியிடமே கேட்டுவிட்டேன்.
"யக்கா, எந்திரிச்சி உக்காரவே தெம்பில்லாமக் கெடக்கேன். உங்க குடுவைய ஆட்டவா வருவேன்?"
நியாயம்தான். ஆனாலும் கதவுப் பதிவை இரண்டு முறை பார்த்தேன். வீட்டுக்காரர் சட்டைப்பையைத் துழாவாமல் சட்டை துவைத்தவள் இல்லை நான்.

நாள் 8. 09:15.
வெள்ளணு பூஜ்யத்தை ஒட்டிவிட்டது. காய்ச்சல் 104. மரபணுச் சோதனை முடிய ஒரு நாள் ஆகும். அவருக்கு அந்த ஒரு நாள் இல்லை. சோதனைக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, மூன்றாம் குடுவையை ஏற்றினேன்.

நாள் 9. 10:05.
முடிவு வந்தது. மூன்றில் இருந்தது நான்.
வேறு யாரும் கை வைக்கவில்லை. இரண்டாம் நாள் ஆயுத பூஜை. குடுவைக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தேன். சரியாக எண் எழுதிய இடத்தில். மறுநாள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தபோது எண்ணும் சேர்ந்து போனது. ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். ஊரையே சந்தேகப்பட்ட பாவி, என் ஞாபகத்தை மட்டும் நம்பித் தொலைத்தேன்.

நாள் 17. 15:20.
வெள்ளணு ஏறுகிறது. இன்னாசி கஞ்சி குடித்தார், பாட்டுக்கூடப் பாடினார். நான் இன்னும் சொல்லவில்லை. அவர் உள்ளங்கையில் சிவப்புத் தடிப்பு. என் அணுக்களுக்கு அவர் உடம்பே அந்நியம். இன்று தோல், நாளை ஈரல். அவற்றை அடக்கும் மருந்து கப்பலில் இருக்கிறது. கப்பலுக்கு இருபத்து மூன்று நாள்.

நாள் 19. 13:40.
அவர் கண் மஞ்சளித்துவிட்டது.
"யக்கா, மறைக்காதீய. எனக்குள்ள என்னத்த ஏத்துனீய?"
"என்னையத்தான் தம்பி. குடுவை மாறிப்போச்சு."
ஒலிபெருக்கியில் சிரிப்பு. பிறகு இருமல்.
"அதான பாத்தேன். ரெண்டு நாளா செவுத்தப் பாத்தாக்கூட சந்தேகமா வருது."

13:58.
சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. திரையில் மூச்சுக் கோடு தட்டையாகிறது. கிருமி உள்ளே போகும், கதவைத் திறக்காதே என்று விதி எழுதியவள் நான்தான். திறக்கிறேன். படிக்கிறவரே, எங்கள் இருவரில் யார் ரத்தத்தைச் சோதித்தாலும் என் பெயர்தான் வரும். நம்பவேண்டாம். முகத்தைப் பார்த்து, அவர் பெயரை அவருக்கே எழுதுங்கள்.