விசிட்டிங் கார்டில் என் பெயர்

சுங்குவார்சத்திரம்,
மார்ச் 1991

அன்புள்ள என்னவருக்கு,

குவைத்தில் சண்டை ஓய்ந்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். ஆகஸ்டிலிருந்து உங்களிடமிருந்து பதில் இல்லை; இந்தக் கடிதத்தையும் உங்கள் பழைய குவைத் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

நாளை ஸ்ரீபெரும்புதூரில் பட்டறைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் சந்திக்கும் கூட்டம். அங்கே ஆர்டர் கிடைத்தால்தான் நம் பட்டறை ஓடும். விசிட்டிங் கார்டு அடிக்கப் போனேன்.

"ஓனர் பேரு இன்னா போடணும்மா?" என்றார் அச்சகத்துக்காரர்.

உங்கள் பெயர் நாக்கு வரை வந்தது. என் பெயரைச் சொன்னேன்.

"கம்பெனிக்காரங்க கை குடுப்பாங்க, நீ கும்பிட்டுகினு நிக்காத" என்றாள் பக்கத்து வீட்டுக் கனகம். அதனால் சாயங்காலம் கண்ணாடி முன் நின்று கைகுலுக்கப் பழகினேன். கண்ணை மூடியதும் எதிரில் நீங்கள். உங்கள் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. நெடுநேரம் விடவே இல்லை.

பிறகு நான்தான் மெல்லக் கையை எடுத்துக்கொண்டேன். நாளைக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி