அரசர் பிழைத்துக்கொண்டார்

பிப்ரவரி 3, தொலெதோ

பதினோரு மாதம் போரில் இருந்துவிட்டு ரனிமிர் வீடு திரும்பியிருக்கிறார். காலையில் அவர் தலையை நானே சீவினேன். கோத்துகளின் அரசருக்கு முடி தோளுக்குக் கீழே தொங்குகிறது, உள்ளே முழுக்கப் பேன். "ராணியே பேன் பாக்குறான்னு ஊரு சிரிக்கும், தெயோதா" என்றார். சிரித்தால் சிரிக்கட்டும்.

பிப்ரவரி 6

இருமலுக்கென்று அல்தரிக் பிரபு கஷாயம் கொண்டுவந்தான். குடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டேன், கிள்ளினேன். மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

அன்றே, சாயங்காலம்

ஆயரை அல்தரிக்தான் அழைத்துவந்தான். "பாவப்பரிகாரம் இல்லாம போனா ஆத்மா என்னம்மா ஆகும்? அவரால கேக்க முடியாது, நீங்கதான் கேக்கணும்" என்றார் ஆயர்.

பரிகாரம் என்றால் தலை மழிக்க வேண்டும். மழித்தவன் பிழைத்தாலும் மறுபடி அரசனாக முடியாது, மனைவியோடு வாழ முடியாது. சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பிழைப்பார் என்று யார் கண்டது? என் அப்பா பரிகாரம் இல்லாமல் செத்தார், அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

சரி என்றேன். விழுந்த முடியை மடியில் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 7

கண் விழித்துவிட்டார். பசிக்கிறதாம்.

அன்றே

பன்றிக்கறி கொண்டுபோனேன். காவலுக்கு நின்ற துறவி, "பரிகாரம் வாங்கினவருக்குக் கறி ஆகாதும்மா" என்று தடுத்தார். உள்ளே அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"யாரு மழிக்கச் சொன்னது?"

நான்தான் என்றேன். போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார். திட்டியிருக்கலாம். ஒரு அறையாவது விட்டிருக்கலாமே—

பிப்ரவரி 9

கஷாயக் கிண்ணத்தைத் தேடினேன். கழுவிக் கவிழ்த்திருந்தது. ஆயரிடம் போய் அழுதேன். "கஷாயத்துல என்ன இருந்தா என்னம்மா, மழிச்சது மழிச்சதுதான். நீங்கதானே கேட்டீங்க."

ஆமாம், நான்தான் கேட்டேன். அப்போ அந்தப் பாவி அல்தரிக் செஞ்சதுக்கு ஒரு பரிகாரமும் கிடையாதா? யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?

பிப்ரவரி 12

ரனிமிர் ஆட்சியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இனி அல்தரிக்தான் அரசன். அவர் வடக்கே ஒரு மடத்துக்கு. அரசனின் மனைவியாக இருந்தவள் கன்னியர் மடத்துக்கு. அதுவும் சட்டம்தான்.

மார்ச் 1

மடத்தில் எனக்கு முக்காடு போட்டுவிட்டார்கள். சீப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் 20

கழுதைக்காரன் ஒருவன் வந்தான். அவர் சொல்லியனுப்பியது இவ்வளவுதான்: "தலை குளிருது. கம்பளியில ஒரு தொப்பி தெச்சு அனுப்பு, தெயோதா."

அனுப்பக் கூடாது என்று மடத்துத் தலைவி சொல்லிவிட்டார். தைத்துக்கொண்டிருக்கிறேன். அளவு தெரியவில்லை. முடியில்லாத அந்தத் தலையை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.