தாங்குகிற தோளும் வலிக்கும்

என் அம்மாவுக்கு, என் தங்கத்துக்கு,

இன்று காலை கண் விழித்ததும் முதல் வேலையாக மடுல்சீமைக்குப் போன் போட்டேன். பார்வதியக்கா எடுத்தார். "அக்கா, இன்னைக்குக் கட்டாயம் பதுளைக்கு வாங்க. பஸ்ஸ விட்றாதீங்க" என்றேன்.

"எனக்குத்தான் முடிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்களே மிஸ்?"

"நான் முடிக்கல. வாங்க."

யார் அது என்று கேட்பாய். உன்னைப் போலத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். மலையில் வழுக்கி விழுந்து வலது தோள் உடைந்தது. எலும்பு கூடிய பிறகு, கையை அசைக்கப் பயிற்சி கொடுக்கும் எங்கள் ஆஸ்பத்திரி இயன்மருத்துவப் பிரிவுக்கு வந்துகொண்டிருந்தார். நான் லீவில் இருந்த நாளில் எங்கள் பொறுப்பாளர், "வலி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இப்ப பரவாயில்லங்க சார்." அவ்வளவுதான். சிகிச்சை முடிந்தது.

அந்தப் பதில் உனக்குத் தெரியாததா? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் கங்காணி முன்னால் நின்று பழகிய வாய் அது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டால், நோகுது என்று சொல்வது நமக்கு மரியாதைக் குறைவு. உன் தோள் நோவுக்குப் போனபோது நீயும் அப்படித்தான் சொன்னாய். உன்னையும் அப்படித்தான் அனுப்பினார்கள். கடைசிவரை இரண்டு கையையும் தூக்கிச் சாமி கும்பிட முடியாமல் போனாயே, அதை யார் கேட்டார்கள்?

பார்வதியக்கா வந்தார். வலியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. "கொண்டை யாருக்கா போட்டு விடுறா?" என்றேன்.

"மகதான் மிஸ். அவ இழுக்கிற இழுப்புல தோளு நோவ விட மண்ட நோவுதான் பெருசா இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு கையை உயர்த்தச் சொன்னேன். பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலால் முதுகுக் கூடையில் போட வேண்டிய கை, நெஞ்சு உயரத்திலேயே நின்றுவிட்டது.

பொறுப்பாளர் பார்த்துவிட்டார். "இவங்க வலி தாங்குவாங்க மிஸ். மலை ஏறி எறங்குறதே எக்சசைஸ்தானே?"

"தாங்குறது வேற, வலிக்காம இருக்கிறது வேற சார்."

"நீங்களும் தோட்டம்தானே. அதான் பாசம்."

"ஆமா சார், லயத்துலதான் பொறந்தேன். அதனாலதான் என்ன கேக்கணும்னு தெரியுது."

பார்வதியக்காவுக்கு இனி நேரம் ஒதுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். டவுன் கடைக்காரர் ஒருவர் இதே தோள் நோவுக்கு மாதக்கணக்கில் வருகிறார். அவரை யாரும் மலை ஏறச் சொன்னதில்லை. அதற்குப் பாசம் என்று யாரும் பெயர் வைக்கவும் இல்லை.

எதிர்த்துப் பேசினால் மொனராகலை ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள் என்று கூட வேலை செய்பவர்கள் பயம் காட்டுகிறார்கள். மாற்றட்டுமே. அங்கே யாருக்கும் தோள் வலிக்காதா என்ன?

பார்வதியக்காவை வியாழக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கை கூடைக்கு எட்டும்வரை விடமாட்டேன், இது உனக்கு நான் தரும் வாக்கு. இன்னொன்று, உன் மருமகனிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிப் பணிப்பாளரிடம் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். இப்படி அனுப்பிவிட்ட தோட்டத்து ஆட்கள் எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பேன். மொட்டைக் கடுதாசி இல்லை அம்மா. என் பெயரையும், நான் பிறந்த தோட்டத்தின் பெயரையும் போட்டே கொடுப்பேன்.

உன் வயிற்றில் பிறந்த
பெரிய மகள்