மூன்று பேருக்கு டிம்சம்

நண்பனுக்கு,

நீயும், நான் தங்கை என்று கூப்பிடும் உன் மனைவியும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். உன் மகள் இருக்கும் ஊர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. உள்ளே கம்பளிச் சட்டை போடாமல் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாதே. திட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லியாயிற்று.

உன் மேசையில் இப்போது ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. உன்னைவிட அதிகம் பேசுகிறது. என்னைக் கருவிகள் பக்கமே போகக் கூடாது என்று ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். கையுறைப் பெட்டிகளை அடுக்குகிறேன். முதுகலைப் பட்டம் வாங்கியவன் அடுக்குவதால் சரியாமல் நிற்கின்றன. அடுத்த மாதம் முதல் புதன்கிழமை விசாரணை. வெளியிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம். கவனக்குறைவு என்று எழுதி என்னை அனுப்பிவிட்டால், இந்த வயதில் எந்த லேபும் என்னை உள்ளே விடாது. ஒரு குடுவையைக் கழுவத் தெரியாதவன் என்ற பெயரோடு மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும்.

விஷயத்தை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்காக அல்ல, உனக்குத்தான் தெரியுமே. இந்தக் கடிதத்தைத் தங்கையும் படிக்க வேண்டும். அவளிடம் நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாய்.

அம்மா தங்கை, நம் லேபுக்கு ஒரு பொம்மைக் கம்பெனியிலிருந்து மரப் பொம்மைகள் சோதனைக்கு வந்தன. சாயத்தைச் சுரண்டி அமிலத்தில் கரைத்துப் பார்த்தேன். ஈயம் இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, குழந்தை வாயில் வைத்தால் மூளையைக் கெடுக்கிற அளவு. எங்கள் வழக்கப்படி, ஒருவர் பார்த்ததை இன்னொருவர் முதலிலிருந்து பார்ப்பார். முதல் ரீடிங் என்ன என்று அவர் கேட்கக் கூடாது, இவர் சொல்லக் கூடாது. தெரிந்துவிட்டால் கண் அதையே தேடும். இரண்டாவதாகப் பார்த்தது உன் வீட்டுக்காரர். இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ரெண்டாவது ஆளுக்கு ஒண்ணுமே வரலையே சார், நீங்க குடுவைய ஒழுங்காக் கழுவலபோல, பழைய ஈயம் ஒட்டியிருந்திருக்கும், என்றார். பொம்மைகள் பாதுகாப்பானவை என்ற ரிப்போர்ட்டைக் காட்டினார். அதில் என் இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டாவது இடத்தில் உன் வீட்டுக்காரர் கையெழுத்து. மிச்ச சாம்பிளைக் கேட்டேன். கொட்டியாச்சு என்றார்கள். அதே வாரம் உன் வீட்டுக்காரருக்கு விருப்ப ஓய்வு கிடைத்தது. மாதக்கணக்காக மேனேஜர் மேசையில் தூங்கிய விண்ணப்பம் அது.

இனி உனக்கு.

நீ பொய் சொல்லியிருப்பாய் என்று நான் முதலில் நினைக்கவில்லை என்றால் நம்புவாயா? என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். வீட்டில் கண்ணாடி டம்ளரைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, "இப்பவாவது பாத்திரம் கழுவுறீங்களே, அந்த மேனேஜர் நல்லா இருக்கணும்" என்றாள். நான் சிரிக்கவில்லை. இரவில் படுத்தபடி ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்ப்பேன். சுரண்டினேன், எடை போட்டேன், கரைத்தேன், வடிகட்டினேன். எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. உனக்கு என்ன வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆயுசையே கழித்தும், ரீடிங்கைக் கேட்காமல் இருந்தே நமக்குப் பழகிவிட்டது. எனக்கு வரவேண்டிய சீனியர் பதவி உனக்கு வந்தபோது நீயாகச் சொல்வாய் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். உன் மகள் கல்யாண விருந்தில் என்னை வீடியோக்காரர்கள் மேசையில் உட்காரவைத்தாயே, அதையும் நான் கேட்கவில்லை. நீ என்னை ஜட்ஜய்யா என்று கிண்டல் செய்வாய். ஜட்ஜாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேனா?

போன ஞாயிறு நீ போன் செய்து, "போறதுக்கு முன்னாடி நம்ம டிம்சம் கடைல ஒரு தடவை உக்காரலாம் ஜட்ஜய்யா" என்றபோது, சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று சந்தோஷப்பட்டேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் ஜன்னலோர மேசையில் தங்கையை நடுவில் உட்காரவைத்திருக்கிறாய். ஒவ்வொரு வருஷமும் ஆடிட் முடிந்ததும் நாம் இருவர் மட்டும்தான் அங்கே போவோம். ஆவியில் வெந்த அந்தச் சீனக் கொழுக்கட்டை மூங்கில் கூடைக்கு மூன்று வரும். மூன்றாவது யாருக்கு என்று சண்டை போடுவோம். அன்று மூன்று பேர், ஆளுக்கொன்று. சண்டைக்கு வழியே இல்லாமல் செய்துவிட்டாய்.

தங்கை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "எதுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியலண்ணா, எல்லாம் ஒரே மாதிரி முழிக்குது" என்றாள். நீ மட்டும் சத்தமாகச் சிரித்தாய். கூடைகளைத் தள்ளுவண்டியில் மேசை மேசையாகக் கொண்டுவரும் பெண் வரும்போதெல்லாம் அவளை நிறுத்தி இன்னொரு கூடை, இன்னொரு கூடை என்று வாங்கினாய். இறால், காளான், முட்டைக்கோஸ். குச்சியால் எடுத்து எடுத்து என் தட்டில் வைத்தாய். என் வாய் காலியாக இருந்துவிடக் கூடாது என்று பயந்தவன் மாதிரி. நான் மென்றுகொண்டே இருந்தேன். நீ விமானத்தில் நடுச்சீட்டு கிடைத்ததைப் பற்றிப் பேசினாய். மாப்பிள்ளையின் குறட்டையைப் பற்றிப் பேசினாய். லேபைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் தங்கை பெட்டி கட்டிய கதையை ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கடைல ஒரு மர ரயிலு, செகப்புல, அவ்ளோ அழகா இருந்துச்சுண்ணா. இந்த மனுஷன் என் கையிலேர்ந்து பிடுங்கித் திரும்ப அலமாரியில வச்சுட்டாரு. பாப்பா வாயில வைப்பா, சாயம் பூசுனது ஒண்ணுகூட வேணாம்னு ஒரே பிடிவாதம். கடைக்காரன் ஒரு மாதிரி பாக்குறான். கடைசில பெட்டி பூரா துணி முயலும் துணி யானையுந்தான். சயின்ஸ் படிச்சவரைக் கட்டிக்கிட்டா இதான் கதி."

உன்னைப் பார்த்தேன். நிரம்பியிருந்த என் கோப்பையில் நீ மறுபடி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். மேசை விரிப்பில் வழிந்தது. தங்கை, "ஊருக்குப் போற படபடப்பு" என்று துடைத்துவிட்டாள். நீ தலையைத் தூக்கவே இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. என் கை சுத்தம், என் குடுவை சுத்தம். அந்த ஒரு நிமிஷம் உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகுதான் அந்தச் சிவப்பு ரயிலை நினைத்தேன். உன் பேத்திக்கு வேண்டாம் என்று அலமாரியில் திருப்பி வைத்தாயே, அதை அடுத்து வந்தவள் எடுத்திருப்பாள். அவள் வீட்டுக்காரன் லேபில் வேலை செய்பவன் இல்லை.

வாசலில் நீ என்னைக் கட்டிக்கொண்டபோது நான் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் பேசறேன் ஜட்ஜய்யா, என்றாய். இன்னும் பேசவில்லை. நான் போன் செய்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளும் தபாலில் தங்கை பெயருக்கு அனுப்புகிறேன்.

உன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாதது இல்லை. மகள் கைக்குழந்தையோடு உதவிக்கு ஆளில்லாமல் திண்டாடினாள். மேனேஜர் கையெழுத்துப் போடாமல் நீ நகர முடியாது. அவர் என்ன கேட்டிருப்பார், எவ்வளவு இனிமையாகக் கேட்டிருப்பார் என்றுகூட என்னால் சொல்ல முடியும். மன்னிக்கச் சொல்லாதே, அது என்னால் ஆகாது. ஆனால் ஓய்வு உத்தரவு இப்போது உன் பெட்டியில் இருக்கிறது. இனி உன்னிடமிருந்து பிடுங்க அவரிடம் எதுவும் இல்லை. பயப்பட வேண்டிய காலம் முடிந்துவிட்டது, நண்பா.

எனக்காக எதுவும் எழுத வேண்டாம். நான் நல்லவன், நாணயமானவன் என்றெல்லாம் எழுதினால் அதிகாரி சிரிப்பார். நீ பார்த்த எண்ணை மட்டும் எழுது. சோதித்தது நான்தான், வந்தது இதுதான் என்று ஒரு வரி. விசாரணைக்குள் வந்துவிட்டால் எனக்கு வேலை நிலைக்கும். பிந்தி வந்தாலும் அனுப்பு. எனக்குப் பயன்படாவிட்டாலும் கடைகளிலிருந்து அந்தப் பொம்மைகளை எடுக்கவைக்க அது போதும். தங்கைக்கு ஒரு வேண்டுகோள்: அவர் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திரு அம்மா.

பேத்திக்கு என் ஆசீர்வாதம். எதை எடுத்து வாயில் வைத்தாலும் ஒரு கேடும் வராமல் அவள் வளர வேண்டும். மற்ற வீட்டுக் குழந்தைகளுக்கும் அப்படியே ஆசி சொல்ல ஆசைதான். அவர்களுக்கு என் ஆசி போதாது, நீ எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து மேசைக்காரன்