இழுக்கும் என்று சொன்ன வாகனம்

டூங்கபி,
செவ்வாய்க்கிழமை

அன்பான அண்ணாவுக்கு,

தங்கை யோகா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். ராதா மச்சாளின் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீங்கள் பத்து வசனம் சொல்லிவிடுவீர்கள். உங்கள் மச்சான் செந்தூரனுக்குத் தெரியாமல் எழுதி, வேலைக்குப் போகிற வழியில் பரமட்டாவில் விரைவுத் தபாலில் சேர்க்கிறேன்.

ஜனவரியில் நாம் எல்லோரும் சுற்றுலா போவதற்கென்று சனிக்கிழமை அவர் கையெழுத்து வைத்து எடுக்கப்போகிற ஏழு சீட் வாகனத்தைப் பற்றித்தான். அது வேண்டாம் அண்ணா. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு சேட் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவர் நீங்கள். இதை மட்டும் மெல்பேர்னில் இருந்தபடி படத்தைப் பார்த்தே தெரிவு செய்துவிட்டீர்கள். உங்களிடமும் அதே வாகனம் இருக்கிறது, நல்ல வாகனம்தான். ஆனால் மல்கிரேவில் உங்கள் மகள் மயூராவை வகுப்புக்கு ஏற்றி இறக்குகிற வாகனம், நாம் இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கின அந்தச் சில்லு வைத்த வீட்டை, கரவனை, பின்னால் கொழுவிக்கொண்டு மலை இறங்குமா என்று நீங்கள் பார்க்கவில்லை. இவர் பார்த்தார். ஆறு மாதமாக ஒரு கொப்பியில் எழுதி எழுதி, பழசென்றாலும் பாரமான ஒரு டீசல் வாகனத்தை மனதில் வைத்திருந்தார். நீங்கள் உங்கள் விருப்பத்தைச் சொன்ன அன்றே கொப்பியை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார்.

போன ஞாயிறு நண்பர் சுஜீதனிடம் அதே மாதிரி வாகனத்தை இரவல் வாங்கி, கரவனைக் கொழுவி, புளூ மவுண்டன்ஸ் பக்கம் ஓடிப் பார்த்தோம். கலியாண வீட்டுக்குச் சமைக்கப் போகிற மாதிரிச் சாமான் ஏற்றியது நான்தான், அதை மறைக்கவில்லை. அரிசி மூட்டை, இடியப்ப உரல், கிரைண்டர், பெரிய சட்டிகள், எல்லாம் கரவனின் பின்பக்கத்தில். நம் சனம் இரண்டு நாள் வெளியே போனாலும் குசினியைத் தூக்கிக்கொண்டுதானே போகும்.

திரும்பி இறங்கும்போது ஒரு லொறி எங்களை முந்தியது. கரவன் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, எங்கள் வாகனத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. ஸ்டியரிங் அவர் கையில்தான் இருந்தது, வாகனம் சொல் கேட்கவில்லை. பின்னால் இருந்த வினுஷா, அப்பா ஸ்டொப் என்று கத்தினாள். ஓரம் கட்டி நின்ற பிறகு திரும்பிப் பார்த்தேன். பிள்ளை சீட் பெல்ற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

வரும் வழியில் லொறிகளுக்குப் பாரம் பார்க்கிற இடத்தில் கரவனையும் பார்த்தோம். அந்த வாகனம் இரண்டு தொன்னுக்கு மேல் இழுக்கக் கூடாதாம். கரவன் அதைவிட நூற்றைம்பது கிலோ கூட. சாமானைக் குறை என்பீர்கள். குறைக்கிறேன். ஆனால் உங்கள் மூன்று பேரின் பெட்டிகள் இன்னும் ஏறவில்லை, தண்ணீர்த் தாங்கியும் வெறுமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சேர உங்கள் ஃபோன் வந்தது. எப்படி என்று கேட்டீர்கள். ஓம் அண்ணை, நல்லா இழுக்குது, ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். ஃபோனை வைத்ததும், ஏன் பொய் சொன்னீங்கள் என்று நான் ஏசினேன். விசா இல்லாமல் நிண்ட ஏழு வருசமும் அந்த மனிசன்ர வீட்டில சாப்பிட்டனான், அவர் பாத்துச் சொன்னதைச் சரியில்லை எண்டு எந்த வாயால சொல்லுவன் என்றார்.

நீங்கள் செய்ததை நாங்கள் ஒருநாளும் மறக்க மாட்டோம் அண்ணா. ஆனால் இன்றைக்கும் அவர் உங்களுக்கு முன்னால் கதிரையில் சாய்ந்து இருந்ததில்லை, கவனித்தீர்களா? மரியாதை நல்லதுதான். மலை இறக்கத்தில் அது பிரேக் பிடிக்காது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னம் அவருக்கு ஃபோன் எடுத்து, உங்களுக்கே மனம் மாறிவிட்டது என்று சொல்லுங்கள். மச்சாளுக்கு நிறம் பிடிக்கவில்லை என்றாலும் போதும், ஏனென்று கேட்க மாட்டார். பாரமான வாகனமாகப் பார் என்று நீங்களே கேளுங்கள். இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதீர்கள். நான் காட்டிக்கொடுத்தேன் என்று தெரிந்தால் உடைந்துபோவார்.

நீங்கள் சொல்லாவிட்டால் சனிக்கிழமை கையெழுத்து வைப்பார். ஜனவரியில் நீங்கள் வந்து இறங்குவீர்கள், எல்லோரும் ஏறுவோம். நானும் ஏறுவேன். பிள்ளையை ஏற்றிவிட்டு வாசலில் நின்று கைகாட்ட என்னால் முடியாது. கடைசி வரிசை தங்களுக்குத்தான் என்று மயூராவும் வினுஷாவும் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். கரவனுக்கு ஆகக் கிட்ட இருப்பது அந்த வரிசை. அந்த இரண்டு பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டு ஃபோனை எடுங்கள்.

பிள்ளையார் துணை இருக்கட்டும்.

உங்கள் தங்கை
யோகா