தீப்தியின் கைப்பை

வால்டோர்ஃப் ஊரில் யோகேஷ்-பாமா வீட்டில் நேற்று விருந்து. யோகேஷின் ஆபீஸ் தோழி தீப்தியின் தோல் கைப்பை மேல் வத்தக்குழம்பு சிந்திவிட்டது. யோகேஷ் பாய்ந்து போய்த் தன் கைக்குட்டையால் ஒற்றினான். கல்யாணமான நாளிலிருந்து பாமாவுக்காக அவன் அப்படிப் பாய்ந்ததே இல்லை. போதாததற்கு, "பாமா கறையை எடுத்துடுவா. நாளைக்கு சாயங்காலம் வந்து வாங்கிக்கோ" என்று வேறு சொல்லிவிட்டான்.

காலையில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்பிய பாமா ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டை ஒட்டினாள்.

"யோகேஷ், எண்ணெய்க் கறை மேல சோளமாவு தூவியிருக்கேன். சாயங்காலம் வரைக்கும் பையைத் தொடாதே. அப்புறம் காஞ்ச துணியால மெதுவா தட்டி எடு. தேய்க்காதே. தண்ணி பட்டா தோல் திட்டுத் திட்டா ஆயிடும். ஹீட்டர் பக்கம் வெச்சா வெடிச்சிடும்.

நான் வர லேட்டாகும். அவ வந்தா வாசல்லயே கொடுத்து அனுப்பு. உள்ள கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டாம். காபி கேட்டா, வீட்ல பால் இல்லைன்னு சொல்லு."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு பாக்கெட் நிறையப் பால் இருந்தது. கொஞ்சம் எடுத்துக் காபி போட்டாள். மிச்சப் பாலைப் பாக்கெட்டோடு தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"உன் காபி ஃப்ளாஸ்க்ல இருக்கு. ஒரு டம்ளர்தான்."