இருபத்தேழு கம்பி குறைந்த செந்நாரை

பெல்மான்ட்
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் கெர்வினுக்கு அம்மா ஈமெயிலில் எழுதுவது. இங்கே மூணு பேரும் சௌக்கியம், அதை இந்த வாரம்தான் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. டொராண்டோ குளிரில் நீ தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன், என் நம்பிக்கையில் மண்ணைப் போடாதே.

முதலில் நல்ல சேதி. உன் தங்கை ஷெவோன் நேற்று, பெரிய வேஷம் கட்டி ஆடும் கார்னிவல் ராணிப் போட்டியில் ஆடி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். அதற்குள் நான் பட்ட பாடு இருக்கிறதே! போன வருஷம் மேடையிலேயே அவள் றெக்கை முறிந்து விழுந்ததிலிருந்து உன் அப்பாவுக்கு ஒரே பயம். இந்த வருஷம் அவளுக்குக் கட்டிய செந்நாரை வேஷத்தில் எங்கே லேசாக ஆடினாலும் ஒரு கம்பியை முட்டுக் கொடுத்தார், அந்தக் கம்பியின் கனத்தில் வேறொரு இடம் ஆடும், அங்கேயும் ஒரு கம்பி. பறவை கட்டுறீங்களா பாலம் கட்டுறீங்களா என்று கேட்டேன், முறைத்தார். அத்தனையையும் தோளில் மாட்டிக்கொண்டு ஆட வேண்டியவள் இவள் ஒருத்திதான். கனமா இருக்காம்மா என்று அவர் கேட்டால் இல்லப்பா, பஞ்சு மாதிரி இருக்கு என்பாள், அப்பா மனசு நோகக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது ஜிப் போட்டுவிடப் போனேன், இரண்டு தோளும் கன்றிப்போய் நீலமாகக் கிடந்தது. 

சர்ச்சாவது ஒண்ணாவது என்று கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அப்பா வேலை செய்யும் கொட்டகைக்குப் போனேன். நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டட்டுமா என்றேன். ஒண்ணை எடுத்தா மொத்தமும் சரிஞ்சிரும்டி, உனக்கென்ன தெரியும் என்று கத்தினார். சட்டையை இறக்கி அவள் தோளைக் காட்டினேன்.  பிளேயரை வாங்கி ஒரு கம்பியை அறுத்தார், றெக்கையைப் பிடித்து உலுக்கினார், அப்படியே நின்றது. அடுத்தது அறுத்தார், உலுக்கினார், நின்றது. ஒன்றை எடுத்தபோது மட்டும் இடது றெக்கை தொங்கிப்போச்சு, அதைத் திரும்பக் கட்டினார். செவ்வாய்க்குள் இருபத்தேழு கம்பி வெளியே வந்துவிட்டது, அதில் பாதி என் காராமணிப் பந்தலுக்கு ஆச்சு.

நேற்று அவள் மேடையேறியதும் பாழாய்ப்போன காற்று கிளம்பியது. அப்பா என் கையை நெரித்தே விட்டார். றெக்கை காற்றுக்கு வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்ந்தது, முன்னே இருந்த விறைப்புக்கு அவளையும் சேர்த்துச் சாய்த்திருக்கும். ஒரு சுற்றுச் சுற்றினாள் பார், கூட்டம் எழுந்து நின்றது. கீழே வந்ததும் வாரைக்கூடக் கழற்றாமல் அப்பாவைப் பார்த்து, இத்தனை நாளா கால் அடியைத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன், இன்னைக்குத்தான்ப்பா பாட்டே காதுல விழுந்துச்சு என்றாள். இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும்தான்.

ஆண்டவர் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று, மறக்காமல் தங்கைக்கு முந்தின நாளே போன் பண்ணு. அப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு, இவ்வளவு நாள் அவள் பொறுத்துக்கொண்டதை நினைத்து நினைத்து இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா ஏர்லீன்